கணையமரத்துப் பொன்வண்டு

மழை முறை தவறாதிருக்க, மதில் நிலைத்திருக்க.

நெடுங்கரை நாட்டுப் பேரமைச்சரும், மன்னரின் வலச்செவியும், வண்டுக்குப் பொற்பேழை செய்வித்த புண்ணியருமாகிய மாடலராயர் திருமுன்பு, வடக்கு வாயிலில் கணையமரம் தூக்கும் செங்கோடன் விடுக்கும் ஓலை. நாற்பது வயதுக்குமேல் எழுத்தறிந்த கை. கோணல் பொறுத்துப் பொருள் கொள்க.

கோட்டைக்கதவின் குறுக்கே கிடந்து பகை தடுக்கும் அம்மரத்தைத் துளைத்துக்கொண்டு, மூன்றாண்டுக்கு முன் தைமாதத்தில், பச்சையும் பொன்னுமாய் ஒரு வண்டு வெளிவந்ததும், தாங்கள் அதனைத் திருமகள் வரவென்று முரசறைவித்ததும், அவள் குடியிருந்த மரத்தில் உளிபடலாகாதென்று ஆணையிட்டதும் நாடறியும். பட்டை உரிக்காத பச்சைமரத்தை அவசரத்தில் ஏற்றினால் புழு உள்ளிருந்து தின்னும், தின்று கொழுத்த பின்னரே சிறகு முளைத்து வெளிவரும், ஒன்று வந்தால் உள்ளே நூறு கிடக்கும் என்று செங்கோடன் அன்றே விண்ணப்பித்தான். சுமப்பவனுக்கு மங்கலம் என்ன தெரியுமென்று தாங்கள் அருளிச்செய்தீர்கள். மெய்தான். அவனுக்குத் தெரிந்தது பாரம் ஒன்றே.

எட்டுப்பேர் மூச்சுப்பிடித்துத் தூக்கிய மரம், மறுதையில் ஆறுபேருக்கு எழும்பிற்று. "அடே மச்சான், உன் பெண்டாட்டி களியில என்னத்தக் கலக்குறா? மரம் இலவம்பஞ்சா எழும்புதே!" என்று உடன் தூக்கிய உடையான் சிரித்தான். சிரித்தவன் தோளில் மரத்தூள் மாவாய்ச் சொரிந்தது. "சிரிக்காதடா. நம்ம பலம் கூடல, அதோட பலம் போவுது" என்றான் செங்கோடன்.

அரண்மனைக்கு வேறு தெளிவு வாய்த்தது. திருமகள் அருளால் தோள்வலி பெருகிற்றாம். பின் எட்டுப்பேருக்குச் சோறு எதற்காம்? இருவர் நீக்கப்பட்டனர். அடுத்த தையில் இருவர்; அதில் உடையானும் போனான். இந்த ஆடியில் மூவர். போனவர் வீட்டில் உலை கொதிக்கவில்லை. பேழைக்கு மட்டும் நாள்தோறும் வாகைத்தளிர் தப்பவில்லை. வண்டு வந்த மாதமே செத்தது. தாங்கள் தளிர் படைப்பது அதன் ஓட்டுக்கு என்பதைப் பேழை துடைக்கும் பெண்களும் அறிவர், வாய்பொத்திச் சிரிப்பர்.

இப்போது பகைவர் யானைகள் மூன்றுநாள் வழியில் நிற்கின்றன. யானைக்கும் மங்கலம் தெரியாது. நெற்றியால் முட்டத்தான் தெரியும்.

இன்று காலை அம்மரத்தைச் செங்கோடன் ஒருகையால் எடுத்தான். மறுகையில் கஞ்சிக்கலயம் இருந்தது. அரைமனிதன் போதுமான வேலைக்கு முழுமனிதன் எதற்கு? தங்கள் நியாயப்படி அவன் தானே நீங்கிக்கொள்கிறான். இவ்வோலை கொண்டுவருபவனும் அவனே. தோளில் கிடப்பது கணையமரமே. வாயில் திறந்து கிடக்கிறது. அடைத்திருந்தபோதும் இதே காவல்தான்.

முத்திரை இல்லாமையால், கஞ்சியில் மரத்தூள் குழைத்துப் பெருவிரல் ஊன்றப்பட்டது.

ஆகவே செய்யக்கடவது: மரத்தைத் தாங்களே முழங்காலில் வைத்து முறித்துப் பார்க்க. பார்த்தபின், தச்சர் கொட்டிலில் பட்டை நீக்கி உலர்ந்து கிடக்கும் வேங்கைமரத்தையும், நீக்கிய ஏழுபேரையும் பொழுது சாயுமுன் வடக்கு வாயிலுக்கு அனுப்புக.

எட்டாமவன் தங்கள் வாசலில் நிற்கிறான்.