தகட்டின் மேல் நின்ற துரைக்கு

என் ஆசைத் தோஸ்து, என் மாமு காதருக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ எப்படியும் சிரிப்பாய். நானே முந்திக்கொண்டு சொன்னால் கொஞ்சம் மானமாவது மிஞ்சும். என் பெண்சாதி முனியம்மா முகம் பார்க்கிற கண்ணாடியை நான் தினமும் விடியற்காலையில் திருடுகிறேன். திருடிக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து என் உள்ளங்காலைப் பார்க்கிறேன். வலது கால், அப்புறம் இடது கால், விரல் இடுக்கு ஒன்று விடாமல். நாற்பத்தாறு வயசில் பொம்பளைக் கண்ணாடியைக் காலுக்குக் காட்டிக்கொண்டிருக்கிற ஆம்பிளையைத் தண்டையார்பேட்டை இதுவரை பார்த்திருக்காது. முந்தாநாள் முனியம்மா கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"இன்னாய்யா இது? மூஞ்சி தேறாதுன்னு தெரிஞ்சிபோயி காலுக்குப் பவுடர் போடப் போறியா?" என்றாள்.

பழைய மாணிக்கமாக இருந்தால் அவளுக்கு இரண்டு மடங்கு திருப்பிக் கொடுத்திருப்பேன். வாய் எழவில்லை. நீ போன நாளிலிருந்தே எழவில்லை மாமு.

இந்தக் கடிதத்தை நம் படிப்பகத்துச் சுவரில் ஒட்டுவதாக அங்கே இருக்கிற வாத்தியார் சொல்லியிருக்கிறார். மூணாம் வகுப்புக்காரன் எழுத்து என்பதால் பிழையும் திருத்தித் தருகிறார். நம்மைத் தெரியாதவர்களும் நின்று படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

நீயும் நானும் பதினெட்டு வருஷம் துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தோம். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பலகை, தலையில் கூடை, காலில் ஒன்றும் கிடையாது. செருப்புப் போட்டால் பலகை வழுக்கிவிடும். ஆகவே நம் கூட்டத்தில் உள்ளங்கால் தடித்தவன்தான் பெரிய ஆள். எல்லாருக்கும் தடித்தது, உனக்கு மட்டும் தடிக்கவே இல்லை. குண்டுமணி அளவு கரி குத்தினாலும் கூடையை இறக்கிவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவாய். உனக்கு 'வெண்ணெய்க்கால்' என்று பேர் வைத்தவன் நான். கூட்டத்தில் பாதிப் பேருக்கு உன் சொந்தப் பேர் மறந்தே போனது.

கரிமேட்டு ஓரத்தில் ஒரு பழைய கப்பல் தகடு கிடக்குமே, ஒரு பாய் அகலத்துக்கு? சித்திரை மாதத்து மத்தியான வெயிலில் அதில் தோசை சுடலாம். சோறு தின்றதும் நம் விளையாட்டு அதுதான். ஒருத்தன் வெறுங்காலோடு தகட்டில் ஏறி நிற்பான், மற்றவர்கள் எண்ணுவோம். அதிக நேரம் நிற்கிறவன் அன்றைக்குத் 'துரை'. வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறிப் போன பிறகும் நாம் தினம் ஒரு துரையை உண்டாக்கிக்கொண்டிருந்தோம். துரைக்கு நிழலில் இடம், முதல் கிளாஸ் டீ. பொழுது சாயும்வரை துரையை யாரும் கிண்டல் செய்யக் கூடாது. அந்தக் கடைசிச் சட்டம் என் ஒருத்தனுக்காகவே போட்டது.

பதினேழு வருஷம் நீ ஏழு எண்ணுவதற்குள் குதித்துவிடுவாய். ஒரு தடவைகூட எட்டைப் பார்த்ததில்லை.

போன சித்திரையில் ஒரு நாள் ஏறினாய். எண்ணினவன் நான். ஏழு ஆயிற்று, இருபது ஆயிற்று, நாற்பது ஆயிற்று. நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறாய். நூறு வந்தது. இறங்கு என்று ஒருத்தன் சொல்லவில்லை. நான் என்ன கத்தினேன், ஞாபகம் இருக்கிறதா?

"டேய், வெண்ணெ இரும்பா மாறிடுச்சுடா! தூக்குங்கடா தொரைய!"

உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கரிமேட்டைச் சுற்றினோம். மேலே இருந்தபடியே நீ குனிந்து என்னைக் கேட்டாய்: "இன்னாடா மாணிக்கம், இனிமேட்டு இன்னா பேர் சொல்லி இஸ்துகினு திரிவே?" அந்த முகத்தை நான் மறக்க முடியுமா? பதினேழு வருஷம் தோற்றவன் ஒரு நாள் ஜெயித்த முகம் அது.

ஏழில் குதிக்கிற கால் நூறிலும் ஏன் குதிக்கவில்லை? இருபது பேர் சுற்றி நின்றோமே, ஒருத்தனுக்காவது இந்தக் கேள்வி வந்திருக்கக் கூடாதா? கால் செத்துப்போயிருந்ததை நாம் வீரம் என்று தோளில் தூக்கினோம். அந்தச் சித்திரை முழுக்க நீதான் துரை.

அதற்கும் முன்னாலேயே உன் கால் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. "பஞ்சு மேல நடக்கறா மாதிரி கீது மாமு" என்றாய் ஒரு நாள் பலகையில். "நீ குடுத்து வச்சவன், நாங்கல்லாம் கரி மேல நடக்கறோம்" என்றேன். கெண்டைக்காலில் முடியெல்லாம் கொட்டி, தோல் எண்ணெய் பூசின மாதிரி பளபளத்தது. அதற்கும் என்னிடம் ஒன்று இருந்தது. "நாகூர்ல எல்லாரும் தலைக்கு மொட்ட போடுவாங்க, நீ காலுக்குப் போட்டுக்கினியா?" சாயங்காலமானால் உன் பாதம் பன்னு மாதிரி உப்பும். நான் கட்டைவிரலால் அமுக்கிக் குழி விழுவதை எல்லாருக்கும் காட்டுவேன். குடம் குடமாய்த் தண்ணீர் குடிப்பாய், மணிக்கு ஒரு தரம் கொட்டகைக்குப் பின்னால் போவாய். நீ போன இடத்தில் எறும்பு வரிசை கட்டியது. "எறும்புக்குச் சோறு போட்ற மகராசன்" என்றேன்.

நீ ஒவ்வொன்றுக்கும் சிரித்தாய். ஏன் சிரித்தாய் மாமு? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் வாயில் அறைந்திருக்கக் கூடாதா?

ஆடி மாதம் ஒரு நாள் நீ வேலைக்கு வரவில்லை. உன் வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே நாற்றம். உன் கால் பெருவிரல் நம் கரிக் கூடையை விடக் கறுப்பாக இருந்தது. உன் பெண்சாதி ரமீஜா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒரு மாசத்துக்கு முன்னாடி வூடு முயுக்க ரத்தக் காலுண்ணே. நான் பெருக்கின தரைல இவரு அச்சு அச்சா வெச்சிகினு போயி குந்திகினு டீ குடிக்கிறாரு. கால்ல இன்னாங்கன்னு கேட்டா, எங்கன்றாரு" என்றாள். உன்னை டிராமில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே உன் மூத்திரத்தை ஒரு நீல மருந்தில் ஊற்றிக் காய்ச்சினார்கள். நீலம் போய்ச் செங்கல் நிறம் வந்தது. "சர்க்கரை" என்றார் டாக்டர். "வூட்ல வெல்லத்துக்கே வயி இல்ல சார், இவனுக்கு ஏது சக்கரை?" என்றேன். அதுதான் நான் சொன்ன கடைசிக் கிண்டல். டாக்டர் சிரிக்கவில்லை.

அவர் என்னைத் தனியாக உட்கார வைத்துப் பொறுமையாகத்தான் சொன்னார். வியாதி ரத்தத்தில் இருக்குமாம், சேதி பல பேருக்குக் காலில் வருமாம். மரத்துப்போவது, முடி கொட்டுவது, தோலின் நிறம் மாறுவது, புண் ஆறாமல் நிற்பது. கால் வீங்கினால் சில பேருக்கு இருதயமோ சிறுநீரகமோ கெட்டிருக்கலாமாம். என் கண்ணை மூடச் சொல்லி என் பாதத்தையும் குண்டூசியால் தொட்டுப் பார்த்தார். நான் துள்ளினேன். "நல்லது. இந்தத் துள்ளல் இருக்கிற வரைக்கும் நல்லது. தினமும் காலைப் பார். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பார்" என்றார். பிறகு கேட்டார்: "இவருக்கு எப்போதிலிருந்து உணர்ச்சி இல்லை?"

எனக்குத் தெரியும். நாள் தெரியும், வேளை தெரியும். நூறு வரைக்கும் நானே எண்ணியிருக்கிறேன். "சித்திரையில் இருந்து இருக்கும் சார்" என்று மட்டும் சொன்னேன்.

"அப்போதே கூட்டி வந்திருந்தால் இந்தப் புண்ணே வராமல் பார்த்திருக்கலாம்" என்றார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்த காலையும் அடக்கம் செய்ய வேண்டும் என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். யார் கொண்டுபோவது என்று எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தபோது நான் கையை நீட்டினேன். ரிக்‌ஷாவில் மடிமேல் வைத்துக்கொண்டு கபரஸ்தானுக்குப் போனேன். கரிக் கூடையில் கால்வாசி எடைகூட இல்லை மாமு.

வண்டி இழுத்தவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "இன்னா அண்ணாத்தே, வஞ்சிரமா? நல்லா நீட்டமா கீதே!" என்றான்.

"ஆமாம்பா" என்றேன். எவன் எது சொன்னாலும் பதிலுக்கு ஒன்று வைத்திருக்கிறவன் மாணிக்கம் என்று நீ சொல்வாயே, அவனுக்கு அன்றைக்குக் கிடைத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஜுரம் கண்டு நீயும் போனாய். உன்னைக் கிடத்தின சந்தூக்கைத் தோளில் வாங்கிக்கொண்டபோது, போன தடவை இந்தத் தோளில் நீ சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. கால் இடறிற்று. பின்னால் வந்தவர்கள் கல் தடுக்கியது என்று நினைத்தார்கள்.

உனக்காக நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதினதற்குப் போயிருந்தபோது ரமீஜா தட்டில் சோறு வைத்துக்கொண்டே சொன்னாள்: "காலு புண்ணானதுமே உங்களாண்ட சொல்லச் சொன்னேண்ணே. வாணாம்னுட்டாரு. மாணிக்கத்துக்குத் தெரிஞ்சா மறுபடியும் வெண்ணெக்காலுன்னுவான், இப்பத்தான் தொரையாகிக் கீறேன், உடு புள்ளேன்னாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். உன் ஞாபகத்தில் சிரித்தாள், பாவம். எனக்கு இன்னும் ஒரு கரண்டி போட்டாள். நான் தின்றேன். எப்படித் தின்றேன் என்று கேட்காதே.

எண்ணினவன் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. 'அண்ணே' என்று கூப்பிடுகிறாள். இப்போது வாசலில் ஆப்பம் சுட்டு விற்கிறாள். அந்தப் பக்கம் போனால் எனக்கு ஒன்று எடுத்து வைத்திருப்பாள். நான் இப்போதெல்லாம் சுற்றுவழியில் போகிறேன்.

இன்னொரு சேதி. அதைச் சொல்லத்தான் இதை எழுதவே ஆரம்பித்தேன். தகடு அங்கேயேதான் கிடக்கிறது. இந்தச் சித்திரையிலும் விளையாட்டு நடக்கிறது. நம் கூட்டத்தில் ஏழுமலை இருக்கிறானே, உன் பலகையில் உனக்குப் பின்னால் வருவானே, அவன் போன வாரம் எண்பது வரைக்கும் நின்றான். போன வருஷம் பத்துக்கே அலறினவன். அவனும் குடம் குடமாய்த் தண்ணீர் குடிக்கிறான். நான் ஓடிப்போய் அவனைத் தகட்டிலிருந்து இழுத்தேன். "டேய், காட்டுடா காலை! காதர் செத்தது இதனாலதான்டா!" என்று கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எல்லாரும் கைதட்டினார்கள் மாமு.

"அண்ணாத்த சோக்கா நடிக்கிறாரு பாரு!" என்றான் ஒருத்தன். ஏழுமலை என் தோளைத் தட்டி, "பொறாமடா உனக்கு. பதினெட்டு வருசமா ஒரு தபாவும் தொரையாவ முடில இல்ல?" என்றான். இருபது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வாழ்நாளெல்லாம் சிரிக்க வைத்தவன் அழுதால் அது புது வேடிக்கை. என் அழுகையை நம்ப வைக்க நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்? என் சொல்லுக்கு என்றைக்காவது எடை இருந்திருந்தால் அதை நான்தானே ஒவ்வொரு கிண்டலாகச் செலவழித்தேன்? உன்னைக் கொன்றது சர்க்கரையா, நான் வைத்த பேரா? டாக்டரிடம் இதைக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. உன்னிடம் கேட்கிறேன். நீயும் பதில் சொல்லப் போவதில்லை.

ஆனாலும் வாக்குக் கொடுக்கிறேன். இனி ஒரு மனுஷன் தன் புண்ணை மறைத்துக்கொள்ள வேண்டிய மாதிரி ஒரு பேர் என் வாயிலிருந்து வராது. வருகிற வெள்ளிக்கிழமை ரமீஜா வாசலில் உட்கார்ந்து நூறு வரை எண்ணியது நான்தான் என்று சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் ஆப்பம் இல்லையென்றால் இல்லை, 'அண்ணே' இல்லையென்றாலும் இல்லை. ஏழுமலையை எப்படியாவது டாக்டர் முன்னால் நிறுத்துவேன். அவன் யார் தோளிலும் ஏறாமலே வீட்டுக்குப் போகட்டும், இரண்டு காலோடு போகட்டும்.

நேற்றே ஆரம்பித்துவிட்டேன். மத்தியானம் எல்லாரும் டீக்குப் போயிருந்தபோது அந்தத் தகட்டைக் கடலில் தள்ளப் போனேன். ஒரு முனையைத் தூக்கினேன். சுட்டது. விட்டுவிட்டேன். தகடு என் வலது கால் பெருவிரல் மேல் விழுந்தது. நல்ல வலி. சத்தம் கேட்டு ஓடிவந்த ஏழுமலை என்னை முதுகில் தூக்கிக்கொண்டு கல்மண்டபத்துப் பக்கம் ஒரு டாக்டரிடம் போனான். அவர் நகத்தை எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டார். "அப்படியே இவன் காலையும் கொஞ்சம் பாருங்க சார்" என்றேன். டாக்டர் திரும்பினார். ஏழுமலை இல்லை. தகடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான் தண்டையார்பேட்டை வரைக்கும் ஒற்றைக் காலில் குதித்து வீடு வந்து சேர்ந்தேன்.

உன் மாமு,
மாணிக்கம்