அவர் எழுந்து போன பிறகு டாக்டர் சொன்னது

லிகிதா அப்பாவுக்கு,

நம்ம பிள்ளைக்கு ஆட்டிசம். செல்லுக்குள்ள சக்தி உண்டாக்குற மைட்டோகாண்ட்ரியா பலவீனமா இருந்து, எட்டு மாசம் முன்ன வந்த காய்ச்சலோட போராடவே சக்தி தீர்ந்துபோய்ப் பேச்சு நின்னிருக்கலாம்னார் பெங்களூரு டாக்டர். அது தாய்வழியா வரும்னதுமே எழுந்து போயிட்டீங்க. “அப்பா வழியாவும் வரலாம், ரெண்டு பேரும் டெஸ்டுக்கு ரத்தம் குடுங்க”ன்னு அடுத்து சொன்னதை நான்தான் கேட்டேன்.

அதுக்குள்ள உங்கம்மா, என் ரத்தம்தான் கெட்டதுன்னு உத்தனப்பள்ளி முழுக்கச் சொல்லிட்டாங்க. சொல்லட்டும்.

கம்பெனியில ஷிப்டு மாத்திக்கிட்டுப் போய் நான் ரத்தம் குடுத்துட்டேன். நீங்க இன்னும் குடுக்கலை.

நேத்து லிகிதாகிட்ட மருந்தை நீட்டினேன். தட்டிவிட்டு “பேட”ன்னா. வேணாம்னு அர்த்தம், பக்கத்து வீட்டுக் கன்னடம். எட்டு மாசத்துல முதல் வார்த்தை.

அந்தப் பிடிவாதம் முழுக்கத் தாய்வழி. அதையும் உங்கம்மாகிட்ட சொல்லுங்க, ஊரெல்லாம் பரப்பட்டும்.

இப்படிக்கு,
உங்க மகளைப் பெத்தவ