பரணா, சேணமா

பராகா, மிச்சிகன்
அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் கைசாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடுப்பில் வைத்த ஆணிகளும் சுகம் என்று டாக்டர் படம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார், அங்கே ஸ்காட்லாந்தின் கடல்காற்றில் நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று காலை சர்ச்சில் கேட்டுக்கொண்டு வந்துதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு "அப்படி இல்ல மார்லீன், அது அப்படி நடக்கல" என்று வரிக்கு வரி திருத்தம் சொல்வார், அதனால் அவர் பக்கத்து வீட்டு எல்மரோடு விறகு ஏற்றப் போயிருக்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன். முதலில் உனக்கு நன்றி. நீ அனுப்பிய பொட்டலத்துக்கு நன்றி, அதற்குள் உன் கையெழுத்தில் வைத்திருந்த அந்தத் தாளுக்கு அதைவிடப் பெரிய நன்றி. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் போன வருஷத்துக் கதையை முழுதாகச் சொல்லியாக வேண்டும், அன்றைக்கு நீ பதறிப்போய் விமானம் ஏறிவிடுவாய் என்று பாதியைத்தான் சொன்னேன்.

அப்பா வழுக்கி விழுந்தார் என்று மட்டும்தானே உனக்குத் தெரியும். விழுந்தது பதினெட்டு அடி உயரத்திலிருந்து. அரசுக் காட்டில், சாலையிலிருந்து ஒரு மைல் உள்ளே, அந்தச் சீடார் சதுப்பின் ஓரத்தில். மான் வேட்டைக்கு உட்காருகிற பரணை மரத்தில் கட்டிவிட்டு, மரத்தில் மாட்டிய ஏணித் துண்டுகளில் மேலே ஏறி, கடைசித் துண்டிலிருந்து பரணுக்குக் காலை எடுத்து வைக்கும்போது உறைபனி வழுக்கிவிட்டது. பாதுகாப்பு வாரெல்லாம் போட்டுத்தான் இருந்தார் கைசா, தோளில், தொடையில், மார்பில் ஒரு கொக்கி விடாமல் இறுக்கிப் போட்டிருந்தார். அந்த வாரை மரத்தோடு கட்டுகிற கயிறு மட்டும் கோட்டுப் பையில் இருந்தது. மேலே போய் உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்வதுதான் நாற்பது வருஷப் பழக்கம், இங்கே பாதிப் பேருக்கு அதுதான் பழக்கம். காலை எட்டு மணிக்கு விழுந்தவர் மத்தியானம் வரைக்கும் அந்த ஈரத்தில் கிடந்தார். ஆஸ்பத்திரியில் அந்த வாரைக் கத்தரித்து எடுத்த நர்ஸ், "இவ்ளோ நல்ல வார் போட்டிருக்காரே, இத எதுல கட்டியிருந்தார்?" என்று கேட்டாள். இன்றைக்கும் அந்தக் கேள்வி காதில் இருக்கிறது.

அவரைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா, டெஸ்மண்ட் என்று ஒருவர், லான்சிங்கில் பள்ளி பஸ் ஓட்டுகிறவர், காட்டுக்கோழி வேட்டைக்கு நாயோடு வந்தவர். அதாவது நம் வடக்குப் பக்கத்தைத் தெற்கு மிச்சிகனோடு சேர்க்கிற பாலத்துக்குத் தெற்கே இருக்கிறவர்! கதையில் பாலத்தடியில் பூதம் இருப்பதுபோல, பாலத்துக்குக் கீழே வாழ்கிறவர்கள் எல்லாம் பூதங்கள், நம் காட்டையும் கெடுத்து மானையும் விரட்டுகிறவர்கள் என்று உன் அப்பா எத்தனை வருஷம் திட்டியிருப்பார். கடைசியில் ஒரு பூதம்தான் தன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்தி, நாயை அவரோடு ஒட்டிப் படுக்கச் சொல்லிவிட்டு, சிக்னல் கிடைக்கும் இடம்வரை ஓடி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது. அந்த மனுஷனுக்கு நான் மாதம் தவறாமல் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டி சுட்டு அனுப்புகிறேன். அவர் இல்லையென்றால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும், கைசா, நல்லவர்கள் நாலு பேர் எங்கோ இருப்பதால்தான் நம் வீட்டில் விளக்கு எரிகிறது.

ஆகஸ்டில் டாக்டர் இவர் எங்கே வேண்டுமானாலும் ஏறலாம் என்று சொல்லிவிட்டார், சொன்ன டாக்டர் பெண்டாட்டியா, தூக்கம் கெடுவது எனக்கல்லவா. தரையிலேயே கூடாரம் போட்டு உட்காருங்கள் என்றேன். "தரையில உக்காந்தா மான் என்னப் பாத்து சிரிச்சிட்டுப் போகும்" என்றார். போகவே கூடாது என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இந்த மனுஷனை எனக்குத் தெரியாதா, வேண்டாம் என்றால் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வில்லோடு காட்டுக்குப் போவார், பொய் சொல்லிவிட்டுப் போகிறவர் எந்த மரத்தில் ஏறப்போகிறார் என்று சொல்லிவிட்டுப் போகமாட்டார், இன்னொரு தரம் விழுந்தால் தேடுவதற்கு எனக்கு ஒரு இடம்கூட இருக்காது. அதனால் போங்கள், ஆனால் எதில் ஏறப்போகிறீர்கள் என்று நான் பார்த்த பிறகு போங்கள் என்றேன். அந்த வாரமே எல்மர் தன் சிபாரிசில் ஒரு புதுப் பரணைக் கொண்டுவந்து இறக்கினான், மடித்து முதுகில் மாட்டிக்கொள்ளும் அலுமினியப் பரண், பத்துப் பவுண்டுகூட இல்லை, பழையதில் பாதி எடை. அதற்கு இரண்டு நாள் கழித்து உன் பொட்டலம் வந்தது.

உன் அப்பா அதிலிருந்த, பரணே இல்லாமல் இடுப்பில் கட்டி மரத்தில் தொங்குகிற அந்தச் சேணத்தைத் தூக்கிப் பிடித்து, துணியும் வாரும் இரண்டு வளையமுமாக இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் பொண்ணு எனக்கு டயப்பர் அனுப்பியிருக்கா" என்றார். நல்ல செய்தி என்றால் என் பொண்ணு, கெட்ட செய்தி என்றாலும் என் பொண்ணு, இவருக்கு இதில் பங்கே இல்லை. எல்மர் சும்மா இருப்பானா, "ரெய்னோ, சேணம் குதிரைக்குத்தானடா கட்டுவாங்க?" என்றான். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவள் நான், எந்த மிருகத்துக்குப் பொருந்தும் என்று எனக்குத் தெரியும், அது குதிரை இல்லை என்றேன். சிரிப்பெல்லாம் சரி, அன்றையிலிருந்து மூன்று வாரம் காலைக் காப்பியில் இதே வழக்குதான். பரணில் மரத்துக்கு முதுகைக் கொடுத்துக் காலை நீட்டி உட்காரலாம், சேணத்தில் மரத்தைப் பார்த்தபடி கயிற்றில் சாய்ந்து, முழங்காலை மரத்தில் முட்டுக்கொடுத்துத் தொங்க வேண்டும், இவருக்கு இடது முழங்கால் எப்படி என்று உனக்கே தெரியும். ஆனால் சேணம் இரண்டு பவுண்டு, கோணல் மரமானாலும் கட்டலாம், மான் வரும்போது மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளலாம். "அறுபத்தெட்டு வயசுல குரங்கு மாதிரி தொங்கச் சொல்றியா?" என்பார் எல்மரிடம். "நான் எங்க சொன்னேன், உன் பொண்ணுதான் சொல்றா" என்பான் அவன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை, கொல்லை மேப்பிள் மரத்தில் பரணைக் கட்டிப் பார்த்தார்கள், பத்தடி உயரம்தான். நான் துணி உலர்த்துகிற சாக்கில் அங்கேயே நின்றேன். வாரெல்லாம் போட்டுக்கொண்டு உன் அப்பா ஏறினார், இரண்டு துண்டு ஏறிய பிறகுதான் கவனித்தேன், கயிறு மறுபடியும் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "ரெய்னோ, கயிறு எங்க?" என்று கத்தினேன். "உக்காந்ததும் மாட்டுறேன்" என்றார்! அதே வார்த்தை. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த ஈரத் துண்டை விட்டெறிந்திருப்பேன், ஆனால் அதற்குள் வேறொன்று நடந்தது. பரணுக்கு வைக்கக் காலைத் தூக்கினார், கால் அந்தரத்திலேயே நின்றது, திரும்ப ஏணியில் வைத்துக்கொண்டார். இன்னொரு தரம் தூக்கினார், மறுபடி வைத்துக்கொண்டார். மூன்றாவது தரமும் அப்படியே. கீழே நின்று கேலி பேசிக்கொண்டிருந்த எல்மர் கேலியை விட்டுவிட்டுத் தன் பூட்ஸைப் பார்க்க ஆரம்பித்தான். உன் அப்பா இறங்கி, முழங்கால் இன்றைக்குத் தகராறு பண்ணுகிறது என்று சொல்லிவிட்டு, நீராவிக் குளியல் போட சவுனா அறைக்கு நெருப்பு மூட்டப் போனார், உச்சி மத்தியானத்தில். பின்னாலேயே போனேன். பற்றாத தீக்குச்சிகள் காலடியில் கிடந்தன, இன்னொன்றைக் கையில் பிடித்திருந்தார். "மார்லீன், கால் போகமாட்டேங்குது" என்றார். ஒரு வருஷமாக அவர் போட்ட சத்தம், உன் சேணத்தைப் பண்ணின பரிகாசம் எல்லாவற்றுக்கும் அடியில் இதுதான் இருந்திருக்கிறது, நான் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன், அவர் பயந்துபோய் இருந்திருக்கிறார். தீக்குச்சியை வாங்கி நான் கிழித்தேன்.

நேரே கார் ஷெட்டுக்குப் போய் உன் பொட்டலத்தை எடுத்து வந்து, என் தோட்டத்துக் கால்சட்டைமேல் அந்தச் சேணத்தை நானே கட்டிக்கொண்டேன். சிரிக்காதே. உன் தாளை எல்மர் கையில் கொடுத்து உரக்கப் படி என்றேன். தரையில் நிற்கும்போதே கயிற்றை மரத்தைச் சுற்றி மாட்டு, அடுத்தது மாட்டாமல் முந்தியதை அவிழ்க்காதே, தரையில் தொடங்கித் தரையில் முடிகிறவரைக்கும் மரத்தோடு இரு என்று நீ எழுதியிருந்தாயே, அவன் பைபிள் படிக்கிற குரலில் படித்தான். நான் வலது வளையத்தையும் இடது வளையத்தையும் மாற்றி மாட்டிக்கொண்டு திண்டாடிய சத்தம் கேட்டு உன் அப்பா சவுனாவிலிருந்து எட்டிப் பார்த்தார், "அது இல்ல, அந்தப் பக்கம், ஐயோ மார்லீன்" என்று வந்துவிட்டார், தப்பாகச் செய்கிறவளைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவருக்கு வராது. மூன்று துண்டு ஏறினேன், சுற்றிய கயிற்றைக் கூடவே மேலே நகர்த்திக்கொண்டே போனேன், தலைக்கு மேலே தொங்கு கயிற்றை மாட்டினேன், பிறகுதான் சுற்றியதை அவிழ்த்தேன், உட்கார்ந்தேன். தாங்கியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, மேலிருந்தபடியே சொன்னேன், இந்த மூன்று வாரமாக எடையையும் முழங்காலையும் பேசினீர்களே, இதைப் பேசினீர்களா, பரணில் கயிறு கட்டாமலும் உட்காரலாம், இதில் கட்டாமல் உட்காரவே முடியாது, கயிறு பையில் இருந்தால் இது வெறும் துணி. உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்கிறேன் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. உன் அப்பா மரத்தடிக்கு வந்து ஏணித் துண்டைப் பிடித்தார். "எறங்கு, நான் பாக்குறேன்" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் பதினைந்து தரமாவது ஏறி இறங்கியிருப்பார். காலைத் தூக்கித் தாண்டி வைக்கிற அந்த ஒரு அடி இதில் இல்லை பார், எங்கே ஏறி நின்றாரோ அங்கேயே சாய்ந்துகொள்கிறார். முழங்காலுக்கு, நான் களை பிடுங்க மண்டியிடும் பச்சை மெத்தையை இரண்டாக வெட்டி வார் தைத்துக் கொடுத்திருக்கிறேன், என் முள்ளங்கிப் பாத்திக்கு நீதான் பொறுப்பு. எல்மர் பரணை விடவில்லை, தொங்க மாட்டேன் என்கிறான், ஆனால் மறுநாளே ஒரு நீளக் கயிறு வாங்கிப் பரணுக்கு மேலிருந்து தரைவரைக்கும் விட்டு, கீழேயே வாரை அதில் மாட்டிக்கொண்டு ஏறுகிறான், அப்படிச் செய்தால் அதுவும் பத்திரம்தான். உன் தாள் அவனுக்கும் சேர்த்து வேலை செய்திருக்கிறது.

முந்தாநாளுக்கு முந்தினநாள், ஒன்றாம் தேதி, வில் வேட்டை திறந்தது. எந்த மரம் என்று வரைபடத்தில் எனக்குக் குறி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனார், நானே சாலை முனைவரைக்கும் வண்டியோட்டிப் போய் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு காத்திருந்தேன். பதினொரு மணிக்குத் தன் காலில் நடந்து வந்தார் கைசா. ஒரு பெட்டை மான் குட்டியோடு நேர் கீழே வந்து நின்றதாம், விட்டுவிட்டேன் என்றார். "கால் ஞாபகமே வரல மார்லீன்" என்றார். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன், அவர் பார்க்கிற மாதிரி அழ எனக்கு இஷ்டமில்லை. வீட்டுக்கு வந்ததும் டெஸ்மண்டுக்குத் தானே போன் பண்ணி, நவம்பர் பதினைந்து துப்பாக்கி வேட்டைக்கு நம் வேட்டைக் குடிலுக்கு வந்து தங்க வேண்டும், நாயும் வர வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார். "குடிலுக்குள்ள பூதத்த விடப்போறியாடா" என்று எல்மர் கேட்டதற்கு, "உன்ன விட்டிருக்கேனே" என்று பதில்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இது உன் அப்பாவுக்கும் தெரியாது. அன்று கொல்லையில் இரண்டு பேரும் காப்பிக்கு உள்ளே போன பிறகு, நான் மறுபடி சேணத்தைக் கட்டிக்கொண்டு தனியாக ஏறினேன். முதல் தரம் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே இருந்துவிட்டேன், இந்தத் தரம் இரண்டு கையையும் விட்டுப் பார்த்தேன். எல்மரின் கொட்டகைக்கு அப்பால் ஏரி தெரிந்தது. பயமாகவே இல்லை, கைசா. ஒன்பது வருஷமாக நீ அந்தக் காற்றாலைகளில் கயிற்றில் தொங்கிச் சம்பாதிக்கிறாய், ஒரு நாளாவது வேலை எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதில்லை, சாப்பிட்டாயா, தூங்கினாயா, எப்போது ஊருக்கு வருவாய் என்பதோடு சரி. போன வருஷம் இறக்கைக்கு அடியில் தொங்கிச் சிரித்துக்கொண்டு ஒரு படம் அனுப்பினாயே, படம் வரவில்லை என்று சொன்னேன். வந்தது. பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், பிறகு அழித்தும்விட்டேன். உன்னைத் தாங்கிக்கொண்டிருந்த கயிற்றை நான் பார்க்கவே இல்லை, கீழே இருந்த கடலைத்தான் பார்த்தேன். நீ பத்திரமாகத்தான் இருந்திருக்கிறாய், அதைச் சொல்லிக்கொள்ள உனக்கு ஓர் அம்மாவாக நான் இல்லாமல் போய்விட்டேன். என் பயத்தால் உன்னை அத்தனை நாள் தனியாக விட்டதற்கு என்னை மன்னித்துவிடு.

எந்த உயரத்தில் இருந்தாலும் நீ நல்லபடி இறங்கி வர ஆண்டவர் துணை இருப்பார், எங்கள் இருவரின் ஆசியும் உன்னோடு எப்போதும் இருக்கும். குளிர் வந்துவிட்டது, கம்பளி உறை இல்லாமல் ஏறாதே, கைவிரலுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மறக்காமல் அந்தப் படத்தை இன்னொரு தரம் அனுப்பு கண்ணு, பெரிதாகப் போட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறேன்.

உன்னால் அப்பாவைத் திரும்பப் பெற்ற
அம்மா
மார்லீன்