லங்காவிக்குப் போகும் வழி

கீழ்வேளூர்
12-6-1973

என் மச்சானுக்கு ஹமீதா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். காரைக்காலில் பாத்திமாவும் மருமகனும் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றியதா என்று எழுதவே இல்லையே.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். “இந்த லீவுக்கு நான் ஊருக்கு வரவில்லை. நீ கப்பலேறிப் பினாங்குக்கு வந்துவிடு. பத்து நாள் எங்கேயாவது போய் இருப்போம்.” உங்கள் கையெழுத்துதானா என்று சந்தேகம் வந்து, பழைய கவர் ஒன்றை எடுத்து ஒத்துப் பார்த்தேன். கோபிக்காதீர்கள்.

பினாங்கு ஜவுளிக்கடைக்கு நீங்கள் போய்ப் பதினெட்டு வருஷம். ஊருக்கு வந்தது நாலு தரம். முதல் தரம் மாமா மௌத்தாகி, அந்தக் காரியங்களிலேயே லீவு போயிற்று. அடுத்த தரம் உங்கள் அண்ணனோடு பாகப்பிரிவினை. மூன்றாம் தரம் அறுவடைக் கூலித் தகராறு. வயலில் சிவப்புக் கொடி, தெருமுனையில் போலீஸ் வேன், நீங்கள் இரண்டு பக்கமும் சமாதானம் பேசப் போய், போனவர் போனவர்தான். போன வருஷம் பாத்திமா நிக்காஹ். நீங்கள் கப்பலை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே நம் வாசலில் ஆள் உட்கார்ந்திருக்கும். நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதெல்லாம் நீங்கள் திரும்பிப் போகிற அன்றைக்குத்தான், அதுவும் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே.

எனக்கு அலுத்துவிட்டது மச்சான். எந்த இடம் என்று நீங்களே பாருங்கள். நம்மைத் தெரிந்தவர் ஒருத்தர்கூட அங்கே இருக்கக் கூடாது. நான் அடுப்பு மூட்ட மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

துஆவுடன்,
ஹமீதா பானு


பினாங்கு
3-7-1973

அன்புள்ள ஹமீதாவுக்கு ஜெக்கரியா எழுதுவது. வ அலைக்கும் ஸலாம்.

கால் வீக்கம் காலையில் வற்றும், கடை சாத்தும்போது திரும்ப வந்துவிடும். காலையிலிருந்து நின்றுகொண்டே துணியை விரித்துக் காட்டி மடித்து வைக்கிற வேலை. வயது நாற்பத்தெட்டு. கால் தன் வேலையைக் காட்டாமல் இருக்குமா?

இடம் விசாரித்தேன். இங்கேயே பினாங்கு மலை இருக்கிறது, ரயில் மாதிரி ஒன்று மேலே ஏற்றிவிடும், குளிராக இருக்கும். ஆனால் அங்கே போனால் நம்மூர்க்காரர் பத்துப் பேரையாவது பார்க்க நேரும். ஆளுக்கு ஒரு பார்சல் கொடுத்துவிடுவார்கள். வடக்கே லங்காவி என்று ஒரு தீவு. கெடாவிலிருந்து படகில் போகவேண்டும். வெள்ளை மணல், தென்னை, மீன்பிடிக்கிறவர்கள் குடிசை, அவ்வளவுதான். நம் கடைக்குச் சரக்கு எடுக்க வரும் மலாய்க்காரர் ஒருவருக்கு அங்கே வீடு உண்டு, தருகிறேன் என்கிறார். எது வேண்டும் என்று நீ சொல். பாஸ்போர்ட்டுக்கு உடனே போட்டோ எடு.

எனக்கும் ஒரே இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க ஆசையாக இருக்கிறது.

உன்
ஜெக்கரியா


கீழ்வேளூர்
20-8-1973

மச்சானுக்கு ஹமீதா. அஸ்ஸலாமு அலைக்கும்.

லங்காவி. யோசிக்கவே இல்லை. மழைக்காலத்தில் நம் தெருவும் தீவுதான், ஆனால் இங்கே உங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

நாகப்பட்டினத்தில் போட்டோ எடுத்தேன். “முக்காட்டக் கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா, காது தெரியணும்” என்றார் போட்டோக்காரர். கல்யாணம் ஆகி இருபது வருஷத்தில் என் காதைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் ஆள் அவர்தான். பாஸ்போர்ட் விசாரணைக்கு வீட்டுக்கு ஏட்டு வந்தார். போலீஸைப் பார்த்ததும் வயல் தகராறு என்று தெருவே கூடிவிட்டது. “கப்பல்ல போறாங்களாம், புருஷனப் பாக்க” என்று அவரே எல்லாருக்கும் விளக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு சேதியும் இருக்கிறது, அதை எழுதத்தான் கை வரவில்லை. நம் வாய்க்கால் மேட்டு நிலத்தில் பதினைந்து வருஷமாகக் குத்தகைக்கு உழுகிற தங்கையன், குத்தகைப் பதிவில் தன் பெயரை ஏற்றச் சொல்லி மனு போட்டிருக்கிறான். சட்டம் வந்ததிலிருந்து எல்லாரும் போடுகிறார்கள். பெயர் ஏறிவிட்டால் நினைத்தபடி அவனை வெளியேற்ற முடியாது, அவ்வளவுதானே? நிலம் உங்கள் பெயரில்தானே இருக்கும்? ஆனால் உங்கள் அண்ணன் யூசுப் குதிக்கிறார். அந்த நிலத்தைத் தன் வயலோடு சேர்த்துத் தானே பயிர் வைக்க வேண்டும் என்பது அவருக்கு ரொம்ப நாள் ஆசை. உங்களுக்கு எழுதுவார். எழுதினால் படியுங்கள், ஆனால் லீவை மட்டும் மாற்றாதீர்கள்.

ஹமீதா


பினாங்கு
14-9-1973

ஹமீதாவுக்கு, ஸலாம்.

அண்ணன் கடிதம் வந்தது, நாலு பக்கம். தங்கையன் நம் வயலில் கூலிக்கு வந்தவன், குத்தகைக்காரன் இல்லை என்று விசாரணையில் நீ சொன்னால் போதும் என்கிறார். அவனுக்கு நாம் ஒரு வருஷமும் ரசீது கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டாம் என்று அந்தக் காலத்திலேயே உனக்குச் சொன்னவன் நான்தான். அவனிடம் காகிதம் எதுவும் கிடையாது. அதனால் வழக்கு நிற்காது.

பயணத்தை வழக்கு முடிந்த பிறகு வைத்துக்கொள்வோம். உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இந்த ஊரில் எனக்கு என்ன இருக்கிறது? கடை முதலாளியுடையது, கட்டில் கடையுடையது. கிழவனாகித் திரும்பும்போது வந்து நிற்க அந்த ஒரு துண்டு நிலம்தான் உண்டு. லங்காவி எங்கேயும் ஓடிவிடாது.

உன்
ஜெக்கரியா


கீழ்வேளூர்
17-1-1974

மச்சானுக்கு ஹமீதா. அஸ்ஸலாமு அலைக்கும்.

லங்காவி ஓடாது. நான்தான் ஓய்ந்துகொண்டிருக்கிறேன்.

மூன்று வாய்தா ஆகிவிட்டது. ஒரு தரம் அதிகாரி வரவில்லை. ஒரு தரம் வெள்ளம், நாகப்பட்டினம் ரோடே தெரியவில்லை. ஒரு தரம் நெல் கொள்முதல் வேலைக்கு எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு தரமும் தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் ஒரு பக்கம் நானும் உங்கள் அண்ணனும், எதிர்ப்பக்கம் தங்கையனும் அவன் மனைவி அம்சமும். நான் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று உங்கள் அண்ணன் உத்தரவு. வெள்ளத்தில் நம் கொல்லைச் சுவர் விழுந்தபோது இடுப்பளவு தண்ணீரில் வந்து மாட்டை அவிழ்த்துவிட்டவள் அந்த அம்சம். அவள் முகத்தைப் பார்க்காமல் எப்படி உட்கார்ந்திருப்பது?

போன வாரம் நாலாவது தரம் போனோம். தங்கையனை அதிகாரி கேட்டார், “துண்டுக் காகிதமாவது இருக்காய்யா?” அவன் சொன்னான், “காயிதம் ஏதுங்க? வருசா வருசம் அம்மா கையிலதான் அளந்து குடுத்தேன். அவங்களையே கேளுங்க.” அதிகாரி என்னைக் கேட்டார். தலை சுற்றுகிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். மார்ச் 20க்குத் தள்ளி வைத்திருக்கிறார். அன்றைக்குச் சத்தியம் வாங்கிக் கேட்பாராம்.

மச்சான், காகிதம் இருக்கிறது. அவனிடம் இல்லை, உங்களிடம்தான். ரசீது கொடுக்காதே என்றீர்கள், கொடுக்கவில்லை. ஆனால் ‘தங்கையன் இன்று குத்தகை நெல் கொண்டுவந்தான்’, ‘தங்கையன் மழை என்று தவணை கேட்டான், சரி என்றேன்’ என்று ஒவ்வொரு போகத்துக்கும் உங்களுக்கு எழுதிக்கொண்டேதானே இருந்தேன்? எல்லாக் கடிதத்தையும் பிஸ்கட் டின்னில் வைத்திருப்பதாகச் சொல்வீர்களே. கவரில் தபால் முத்திரையும் தேதியும் இருக்கும்.

நான் உண்மையைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் என் வெறும் வாய்ச்சொல்லை உங்கள் அண்ணனும் வக்கீலும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், அந்தக் கடிதங்களைக் கிழிக்க முடியாது. அனுப்புங்கள். பொய் சொல்லிவிட்டு எந்தத் தீவுக்கு வந்தாலும் எனக்கு அந்த மணலில் உட்காரப் பிடிக்காது. அனுப்ப முடியாது என்றால் அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். நிலத்தைப் பற்றி உங்களோடு சண்டை போடமாட்டேன். எங்கே போவோம் என்று மட்டும் இனி ஒருநாளும் கேட்கமாட்டேன்.

ஹமீதா பானு


பினாங்கு
24-2-1974

ஹமீதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் பதில் எழுதவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதலில் கோபம்தான் வந்தது. என் நிலத்துக்கு நீயே குழி பறிக்கிறாயே என்று நினைத்தேன். அனுப்ப முடியாது என்று ஒரு கடிதமும் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, தலையணைக்கடியில் வைத்திருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து டின்னைத் திறந்தேன். தங்கையனைப் பற்றி என்னதான் எழுதியிருக்கிறாய் என்று பார்க்கத்தான். நீ சொன்னது சரி, வருஷம் தவறாமல் இருக்கிறது. ஆனால் அதைத் தேடப் போனவன் கண்ணில் வேறொன்று பட்டது. நெல் வந்தது என்று எழுதிய கடிதத்திலெல்லாம், கீழே, கையெழுத்துக்கு முன்னால், ஒரு ஊர்ப் பெயர் இருக்கிறது. ‘இந்த வருஷம் வந்தால் கொடைக்கானல் போவோமா, என் சிநேகிதி கமருன்னிஸா போய்வந்தாள்.’ ஒரு வருஷம் குற்றாலம். ஒரு வருஷம் கொழும்பு. ‘ஏற்காடு என்றாலும் சரி.’ ‘மெட்ராஸில் கடற்கரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.’ பாத்திமாவுக்கு அம்மை போட்டிருந்த வருஷம்கூட ஒரு ஊர் இருக்கிறது. ஒன்றுக்காவது நான் பதில் எழுதியதாக எனக்கு நினைவில்லை. படித்தேன், மடித்தேன், டின்னில் போட்டேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் முதல் கடிதம், 1955. நான் கப்பலேறிய மறுமாதம் எழுதியது. ‘நீங்கள் திரும்பி வந்ததும் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போங்கள். கோட்டைச் சுவர் மேல் உட்கார்ந்து கடல் பார்க்கலாமாம்.’

தரங்கம்பாடி! பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம், லீவுகூட வேண்டாம். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்திருக்கக்கூடிய காரியம். கடையில் அழுதால் நன்றாக இருக்காது என்று மாடிக்குப் போய்விட்டேன்.

கடிதங்கள் எல்லாவற்றையும் ரிஜிஸ்தர் தபாலில் இன்றைக்கு அனுப்பிவிட்டேன். தலையணைக்கடியில் இருந்ததைக் கிழித்துவிட்டேன். நீ உண்மையைச் சொல். அண்ணனுக்கு நானே எழுதுகிறேன்.

லங்காவிக்கு நீ வரவேண்டாம். நான் வருகிறேன். ஏப்ரல் கப்பலில் டிக்கெட் போட்டாயிற்று. 20ஆம் தேதி காலை நாகப்பட்டினம்.

ஜெக்கரியா


தரங்கம்பாடி
19-4-1974

மச்சானுக்கு ஹமீதா. அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தைத் துறைமுகத்தில் உங்கள் கையில் கொடுப்பவன் தங்கையன். இதை வாங்கிக்கொள்ள இங்கே வந்திருக்கிறான், இன்றைக்கே துறைமுகத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவான். அவன் பெயர் பதிவில் ஏறிவிட்டது.

விசாரணையில் நடந்த கூத்தைக் கேளுங்கள். நெல் வரியை மட்டும் படியுங்கள் என்று கெஞ்சினேன். அங்கிருந்த கிளார்க் ஒரு கடிதத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் உரக்கப் படித்துவிட்டார். “ஏற்காடு என்றாலும் சரி” என்று அவர் முடித்தபோது ஆபீஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “போதும், மத்ததெல்லாம் நானே படிச்சுக்கறேன்” என்றார். அன்றிலிருந்து உங்கள் அண்ணன் என்னோடு பேசுவதில்லை.

மச்சான், வீட்டுக்கு வராதீர்கள்.

நான் கிளம்பும்போதே நம் வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. உங்கள் அண்ணன் வக்கீலோடு காத்திருக்கிறார், அப்பீல் போடவேண்டுமாம். பள்ளிவாசல் சுவர் விஷயம் பேச நாலு பேர். உங்கள் தங்கச்சி மகன் மலேயா போக உங்களைப் பிடிக்க வந்திருக்கிறான். இதையெல்லாம் பார்த்துவிட்டு அம்சம்தான் சொன்னாள். “நீங்க முன்னாடி போயிடுங்கம்மா. ஐயா இந்த ஊருக்குள்ள கால் வெச்சா அப்பறம் வுடமாட்டாங்க. வீட்ட நான் பாத்துக்கறேன்.” கமருன்னிஸாவுக்கு இங்கே பூட்டிக் கிடக்கிற வீடு ஒன்று இருக்கிறது. சாவி கொடுத்தாள். அம்சம் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வீட்டைக் கூட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப்போனாள்.

உங்கள் அண்ணன் காரோடு துறைமுக வாசலில் நிற்பார். ஸலாம் சொல்லுங்கள். பெட்டியை மட்டும் அவர் காரில் ஏற்றி அனுப்பிவிடுங்கள். ஊர் கேட்கிற சென்ட்டும் கைலியும் அதில்தானே இருக்கும், பெட்டி வந்தால் அவர்களுக்குப் போதும். நீங்கள் பொறையார் பஸ்ஸில் ஏறி இங்கே தரங்கம்பாடியில் இறங்குங்கள். வழியில் காரைக்காலில் இறங்கி மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். அவளிடம் சொல்லிவிட்டேன், பத்து நாள் கழித்துப் பார்ப்போம்.

நேற்று சாயங்காலம் கோட்டை வரைக்கும் நடந்து போனேன். சுவர் மேல் ஏறவில்லை. தனியாக ஏறப் பிடிக்கவில்லை. உடம்பெல்லாம் அசதி, திரும்பி வந்து நன்றாகத் தூங்கினேன்.

அடுப்பு மூட்டவில்லை. கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. நாளை மத்தியானத்துக்கு இரண்டு பேருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் வருகிறவரைக்கும் சாப்பிடமாட்டேன்.

ஹமீதா