பீரோ கண்ணாடியில் கயல்

9 ஜூலை 2007, திங்கள்

காலையிலேயே வெக்கை. கயலின் காது மெஷினுக்குப் புதுத் துணிப்பை தைக்க வேண்டும், பழையது வியர்வையில் நாறுகிறது. வாங்க வேண்டியது: மெஷினுக்குப் பென்சில் செல், தேங்காய் எண்ணெய்.

காது கேளாத பிள்ளைகள் மையத்தில் சித்ரா மிஸ் வீட்டுப் பயிற்சி பற்றிக் கேட்டார். தங்கச்சி கயல் ஆறு சத்தத்துக்கும் சரியாகப் போடுகிறாள் என்றேன். ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, வாயைத் தாளால் மறைத்துச் சத்தம் கொடுப்பேன். கேட்டால் ஒரு பாசிமணியை டப்பாவில் போட வேண்டும். ஒன்றுகூடத் தவறவில்லை.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து டாக்டர் வருகிறார். காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷனுக்குப் பிள்ளைகளைப் பார்க்க. மெஷின் போட்டும் கேட்காத பிள்ளைகளைத்தான் காட்டுவார்களாம். கயலுக்குத் தேவையில்லை, நாலு வயதில் இப்படிக் கேட்டால் சாதாரணப் பள்ளியிலேயே சேர்க்கலாம் என்றார் மிஸ்.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எங்கள் சாரம் ஏரியா முழுக்கச் சொல்லிவிட்டாள். மாடி வீட்டு மதாம் அம்மா இறங்கி வந்து கயலுக்கு பிஸ்கட் கொடுத்தார். "இனிமே இந்த வூட்ல பேசாத பொண்ணு பெரியவ ஒருத்திதான்" என்றார் என்னைப் பார்த்து. அம்மா சிரித்தாள். நானும்.

10 ஜூலை, செவ்வாய்

மழை. சுவரெல்லாம் ஒழுகல். அப்பா மண்டிக்குப் போகும் முன் பீரோவை மூலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்.

பயிற்சி. கயல் ஒரு பாசிகூடப் போடவில்லை. மிச்சமிருந்த ஒரே செல்லை மாற்றிப் போட்டேன். மெஷினை என் காதில் வைத்துப் பார்த்தேன், நன்றாகக் கேட்கிறது. காது அச்சில் அழுக்கோ என்று துடைத்தேன். அப்பவும் இல்லை. பாசியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தாள். நேற்று வரைக்கும் அங்கேதான் பீரோ இருந்தது.

பாயை இழுத்துக்கொண்டு போய் மூலையில் பீரோவுக்கு எதிரே போட்டேன். ஆறும் சரி.

அப்புறம் தாளால் வாயை மறைத்து, சத்தமே இல்லாமல் மூச்சு மட்டும் விட்டேன். தாள் லேசாக அசைந்தது. பீரோ கண்ணாடியில் அவள் கண் என்மேல். பாசியைப் போட்டாள். சிரித்துக்கொண்டே திரும்பி, கை தட்டச் சொல்லி ஜாடை காட்டினாள்.

தட்டினேன்.

11 ஜூலை, புதன்

யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா தையல் கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கருவடிக்குப்பத்தில் ஒரு பள்ளிக்குப் போய் எல்கேஜி சீட் கேட்டுவிட்டு வந்தாள். வரும்போதே யூனிஃபார்ம் துணி. நீலக் கட்டம்.

மையத்தின் சோதனை அறையில் பீரோ இல்லையே, அங்கேயும் சரியாகத்தானே செய்தாள் என்று காலையிலிருந்து எனக்கு நானே சமாதானம். மத்தியானம் சோறு பிசையும்போது ஞாபகம் வந்தது. கயல் வேறு யாரிடமும் உட்கார மாட்டாள். போன மாதம் அந்தச் சோதனையிலும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தது நான். சத்தம் எனக்கும் கேட்டது. கேட்டபோதெல்லாம் டப்பாவைக் கொஞ்சம் நீட்டினேன். வேண்டுமென்று இல்லை. அவள் சரியாகச் செய்ய வேண்டும் என்று ஆசை. அது வேண்டுமென்று செய்ததுதானா?

மிஸ்ஸிடம் போய் நின்றேன். புதிதாக வந்த அம்மாக்கள் சுற்றி இருந்தார்கள்.

"என்ன சுதா?"

"ஒண்ணும் இல்ல மிஸ்."

மிஸ் அவர்களிடம் என்னைக் காட்டி, ஒன்பதாவதோடு நின்று தங்கச்சிக்காகத் தினமும் வருகிறாள், பலனைப் பாருங்கள் என்றார். கேட்டுக்கொண்டு நின்றேன்.

12 ஜூலை, வியாழன்

செல் வாங்கியாச்சு. எண்ணெய் மறந்துவிட்டேன்.

லாஸ்பேட்டை ரோட்டில் பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் மேல் ஹாரன். கயல் திரும்பவே இல்லை. இழுத்து ஓரம் தள்ளினேன். இதற்கு முன்னாலும் இப்படி நடந்திருக்கிறது. விளையாட்டுப் புத்தி என்று முதுகில் அடித்திருக்கிறேன்.

சாயங்காலம் அம்மா நீலத் துணியை வெட்டிக்கொண்டிருந்தாள். கயலுக்கு அவ்வளவாகக் கேட்கவில்லையோ என்று மெதுவாக இழுத்தேன்.

"வாய வெச்சிக்கினு சும்மா இருடி. இப்பதான் ஒரு நல்லது நடக்குது."

சும்மா இருந்தேன். அம்மா சொன்னதால் இல்லை. சும்மா இருப்பது எனக்கு சுலபம்.

நாளைக்கு டாக்டர் வந்துவிட்டுப் போய்விட்டால் அடுத்து எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. சின்ன வயதிலேயே வைத்தால்தான் பேச்சு வரும் என்று மிஸ் சொல்லி எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

13 ஜூலை, வெள்ளி

வாயால் சொல்ல வரவில்லை. மிஸ் எதிரே கயலை உட்கார வைத்தேன். டப்பாவைப் பிடித்தேன். சத்தம் எதுவும் கொடுக்காமல் டப்பாவைக் கொஞ்சம் நீட்டினேன். பாசி விழுந்தது. மறுபடி நீட்டினேன். விழுந்தது.

மிஸ் முகம் மாறிவிட்டது.

"எப்ப தெரியும் உனக்கு?"

"செவ்வாக்கிழம."

"இன்னைக்கு வெள்ளி, சுதா."

டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

என்னை வெளியே நிறுத்திவிட்டு மறுபடி சோதனை. கதவில் சின்னக் கண்ணாடி. கயல் அழுதாள், அப்புறம் உட்கார்ந்தாள். பாசியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு மிஸ் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. கதவைப் பார்த்தாள். நான் நகர்ந்துகொண்டேன். மேளம் அடித்த சத்தத்துக்கு மட்டும் பாசி போட்டாளாம்.

டாக்டர் கிளம்பும் நேரத்தில் மிஸ் போய்க் கெஞ்சி அவளைக் காட்டினார். சென்னைக்கு ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் உண்டா இல்லையா அதற்குப் பிறகுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி, டப்பா, செவ்வாய்க்கிழமை. அம்மா கயலைப் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். கயல் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

14 ஜூலை, சனி

தூறல். துணி காயவில்லை.

கொஞ்ச நாளைக்கு நான் கயலோடு பயிற்சியில் உட்காரக் கூடாது, என் முகத்தைப் பார்த்துச் செய்தே பழகிவிட்டாள், இனி அம்மா வர வேண்டும் என்று மிஸ் சொல்லி அனுப்பினார். அம்மா தையல் கடையில் சொல்லிவிட்டு வந்தாள். நின்றுவிட்டாளா, லீவா, கேட்கவில்லை. நீலத் துணி பாதி வெட்டினபடி மடித்து வைத்திருக்கிறது.

சாப்பாடு போடும்போது சொன்னாள், "நீ ஸ்கூலுக்கே போயிருக்கலாம்."

கோபமா, பாவம் என்று நினைத்தா, குரலை வைத்துத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.