பூங்காவுக்கு அடியில் கிடப்பது

ஜூன் 3
மேலதிகாரி பூங்காவைச் சுற்றிப் பார்த்தார். பெஞ்சுகள் ஏன் சாய்ந்திருக்கின்றன? மரங்கள் ஏன் வரிசையில் இல்லை? "மண் உள்வாங்குதுங்க" என்றேன். பெஞ்சுக்கு அது போதும். மரத்துக்குப் போதாது. நான் மேற்பார்வையாளனாக வந்த நாளிலிருந்தே அவை அப்படித்தான் நிற்கின்றன. மா ஒரு மூலையில், நாவல் நடுப்பாதையில், கழிப்பறைச் சுவரை முட்டிக்கொண்டு ஒரு கொய்யா. வாசலில் பூங்காவின் வரலாற்றுப் பலகை வைக்க வேண்டுமாம். வாசகம் என் தலையில்.

ஜூன் 4
வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மாமனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். "எங்க தாத்தா ஊருக்குத் தானமாக் குடுத்த இடம் மாப்ள. அத்தனை மரமும் அவரு கையால நட்டது. அந்தப் பலகையில அவரு பேரு வந்துட்டா நிம்மதியாக் கண்ணை மூடிருவேன்." இந்தத் தானக் கதையைத்தான் என் கல்யாணத்தன்றும் சொன்னார், நான் மாலையைக் கழற்றுவதற்குள்.

தாத்தா பெரிய சாப்பாட்டு விடுதி நடத்தியவர். விடுதியின் பீங்கான் தட்டு ஒன்று, நீல விளிம்பு, நடுவில் சேவல், எங்கள் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அதன் அருகில் தும்மக்கூடப் பயம்.

ஜூன் 9
எழுதிவிட்டேன். 'வள்ளல்' இரண்டு இடத்தில் வருகிறது. மாமனார் படித்துவிட்டு, மூன்றாவதுக்கு இடம் காட்டினார்.

ஜூன் 12
பலகைக்குக் குழி தோண்டினோம். முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி 'ணங்' என்றது. தட்டுத் துண்டு. பிறகு எலும்பு, கரி, உடைந்த புட்டி, மறுபடியும் தட்டு. எல்லாத் தட்டிலும் நீல விளிம்பு, சேவல்.

பக்கத்துக் குழியும் அப்படியே. விடுதியின் குப்பைமேடு! மண் உள்வாங்காமல் என்ன செய்யும்? மரங்களை யாரும் நடவே இல்லை. தின்று துப்பிய கொட்டைகள் விழுந்த இடத்தில் முளைத்திருக்கின்றன. தாத்தா ஊருக்கு நிலத்தைக் கொடுத்தாரோ என்னவோ, குப்பையைக் கொடுத்திருக்கிறார்.

இந்த மனுஷன்கிட்ட இதை எப்படிச் சொல்றது? சொல்லாம வள்ளல்னே எழுதி வெச்சா — நாளைக்கு எவனாவது இன்னொரு குழி தோண்டுவானே?

ஜூன் 13
ஒரு தட்டுத் துண்டைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தது என் புத்தி. பையைக் கழுவ எடுத்த மனைவி, அதை அலமாரித் தட்டோடு வைத்துப் பார்த்தாள். குப்பைமேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. "அப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அப்பா அவள் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

ஜூன் 14
மாமனார் அறையைவிட்டு வரவில்லை. சாப்பிடவும் இல்லை.

ஜூன் 15
அதேதான். குப்பையைக் கொட்டியதே நான்தான் என்பதுபோல் மனைவி பார்க்கிறாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. பாவம், பெருமைப்பட அவருக்கு அந்தத் தாத்தாவை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

ஜூன் 16
காலையில் என் அறை வாசலில் மாமனார்.

"எவ்வளவு ஆழத்துல கெடச்சுது?"

"முழங்கால் ஆழம், மாமா."

யோசித்தார். "அப்போ அது எங்க அப்பா காலத்துக் குப்பை. தாத்தாவோடது இன்னும் கீழ கெடக்கும். நல்லாத் தோண்டச் சொல்லுங்க."

பிறகு சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 20
பலகை வைத்தாயிற்று. தாத்தாவின் பெயர் இருக்கிறது, வள்ளல் இல்லை. அவருடைய விடுதியின் குப்பை இங்கே கொட்டப்பட்டது என்றும், மரங்கள் அதிலிருந்து தாமாக முளைத்தவை என்றும் எழுதியிருக்கிறேன்.

மாமனார் தினமும் காலையில் வந்து பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். இன்று மாம்பழம் தின்ற ஒருவர் கொட்டையைக் குப்பைத்தொட்டியில் போடப் போனார்.

"தம்பி, அதுல வேணாம். அப்படியே மண்ணுல வீசு. நாங்க அப்படித்தான் ஆரம்பிச்சோம்."

அந்த ஆளும் வீசினார். அபராதம் போட வேண்டியவன் நான். வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.