கேப்டன் வந்தான், மைனா வரவில்லை

டெலானிபூர்,
ஆகஸ்ட் 9, ஞாயிறு.

அன்புள்ள செந்தமிழனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். சுகம் என்றால் மாத்திரையை வேளைக்கு விழுங்கிக்கொண்டு, காயாத துணியை வீடு முழுக்கத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு, வழக்கம்போல. நீயும் ஷோபனாவும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குறை சொல்வது உட்பட. ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். ஃபோனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடிப்பது நீ. காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதுவும் போக, செந்தமிழன் என்று பெயர் வைத்த பிள்ளை வாட்ஸப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ் அனுப்புவதைப் படித்துப் படித்து, எனக்கும் எழுத்து மறந்துவிடுமோ என்று பயம்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு. அதன்பிறகு இந்தக் குவார்ட்டர்ஸ் நம்முடையது இல்லை. உன் பக்கத்து ஃப்ளாட் காலியாகிறது, எங்களுக்காக இருபதாம் தேதிவரை அதைப் பிடித்து வைத்திருக்கிறாய், அங்கே நாய் கூடாது, ஆகவே கேப்டனையும் மைனாவையும் அக்கரையில் பம்பூஃப்ளாட்டில் நாகலிங்கம் மாமா வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் இந்தத் தீவைவிட்டு மெயின்லேண்ட் வந்து சேர வேண்டும். நன்றாகத்தான் யோசித்திருக்கிறாய். அம்மாதான் முதலில் சரி என்றாள். ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. நாய்க்கு என்ன, ரெண்டு நாளில் மறந்துவிடும் என்றாள். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்.

உடனே நிரந்தரமாக விட வேண்டாம், ஒரு வாரம் விட்டுப் பார்ப்போம் என்று நான் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை சாத்தம் ஜெட்டியிலிருந்து போட்டில் இரண்டையும் கூட்டிப்போனேன். அம்மா வரவில்லை. போட் என்றாலே அவளுக்குத் தலை சுற்றும், உனக்குத் தெரியும். இரண்டு டப்பாவில் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள், ஒன்றில் உப்பு குறைவு, அது கேப்டனுக்கு, வயதாகிவிட்டதாம். என் டப்பாவில் உப்பு குறைத்ததற்கு நான் போட்ட சண்டையைக் கேப்டன் போடவில்லை. நாகலிங்கம் ஜெட்டியிலேயே நின்றிருந்தான். உனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்து முன்பல்லையும் எடுத்துக்கொடுத்த கை, இரண்டு கயிற்றையும் ஒன்றாக வாங்கிக்கொண்டது. ரூபா அத்தை வாசலில் வாத்துகளை விரட்டிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். பார்த்தேன் என்று நாகலிங்கம் சொல்வான். நம்பாதே.

திங்கட்கிழமை வீட்டில் சத்தமே இல்லை. செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு அம்மா பள்ளிக்கூடம் கிளம்பிக் கதவைத் திறந்தால், படியில் கேப்டன். உடம்பெல்லாம் சேறு. கழுத்தில் கடித்து அறுத்த அரை முழம் கயிறு. எதுவுமே நடக்காத மாதிரி எழுந்து உதறிக்கொண்டு, தினமும் போவதுபோல அவள் கூடவே பள்ளிக்கூடம்வரை நடந்துபோயிருக்கிறான். எனக்கு அப்புறம்தான் தகவல். நாகலிங்கத்துக்கு ஃபோன் செய்தால் அவன் அதற்குள் ஜெட்டியில் விசாரித்துவிட்டான். கேப்டன் அன்று காலையின் முதல் போட்டில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே ஏறி நின்றிருக்கிறான். போட்டில் வேலை செய்கிறவர் நாகலிங்கத்திடம், அரே பாய், ஆப்கா குத்தா பினா டிக்கெட் கயா, உங்கள் நாய் டிக்கெட் இல்லாமல் போய்விட்டது, ஆனால் மற்ற பாசெஞ்சர் மாதிரி தள்ளவில்லை, வண்டியெல்லாம் இறங்கினபிறகுதான் இறங்கினான் என்று சர்டிஃபிகேட் கொடுத்தாராம்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்பது எனக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. நான்கு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் நாகலிங்கம் வீட்டுக்குச் சீட்டாடப் போகும்போது கேப்டனைக் கூட்டிக்கொண்டு போனவன் யார்? போகும் போட், வரும் போட், சாத்தத்தில் இறங்கி ஏறும் மேடு, எல்லாவற்றையும் அவனுக்கு நான்தான் பழக்கினேன். ஊரில் எத்தனையோ பேர் நாயைக் கொண்டுபோய் விடுகிறார்கள். திரும்பி வரும் வழியை நாலு வருஷம் சொல்லிக்கொடுத்துவிட்டு அதே வீட்டில் விட்டவன் நான் ஒருவன்தான் இருப்பேன். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, இவர்தான் முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் லைன் இழுத்தவர், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரியாமல்தான் இழுத்திருக்கிறார் என்றாள். யாரிடம் சொன்னாள் என்றால், கேப்டனிடம்.

இதுவரை சிரிப்புக் கதை. அன்று சாயங்காலம் அம்மா, மைனா எப்போது வருவாள் என்று கேட்டாள். ஏதோ ரயில் நேரம் கேட்பதுபோல. மைனாவுக்கு வழி தெரியாது என்றேன். கேப்டனுக்குத் தெரியுமே, கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்றாள். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து கேட்டருகே நின்று ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள். அப்போது மழை பெய்துகொண்டிருந்தது. நான் குடையைக் கொண்டுபோய்ப் பிடித்தேன். வியாழக்கிழமை, ரூபா அத்தை பொங்கலுக்குக் கொடுத்து அனுப்பிய பாத்திரம் இன்னும் நம் வீட்டில் இருக்கிறது, திருப்பித் தராமல் ஊரைவிட்டுப் போவது மரியாதை இல்லை என்று கண்டுபிடித்தாள். ஏழு மாதமாக அதில்தான் புளி வைத்திருந்தாள்.

ஆக வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு. அம்மா போட் ஏறினாள். கடல் அன்று நன்றாகவே ஆட்டியது. ஒரு கையில் கம்பியையும் இன்னொரு கையில் என் சட்டைக் காலரையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியே வந்து சேர்ந்தாள். மைனா ரூபா அத்தையின் பின்கட்டில், மீன் கழுவும் இடத்தில் படுத்திருந்தாள். அஞ்சே நாளில் ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள். ரூபா அத்தை சோற்றில் மீன் தலையைப் பிசைந்து போடுகிறாள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் சைவ வீட்டில் வளர்ந்த பிள்ளை. (நானும் கேப்டனும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே என்ன சாப்பிட்டோம் என்பதை உன் அம்மா இதுவரை கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது அவள் பெருந்தன்மை.) அம்மா கூப்பிட்டாள். மைனா எழுந்து ஓடி வந்தாள். வாலை ஆட்டினாள், புடவையை முகர்ந்தாள், கையை நக்கினாள், காலைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டாள். பிறகு போய் ரூபா அத்தையின் காலடியில் பழைய இடத்திலேயே படுத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். வேறு எதுவும் நடக்கவில்லை. நாங்கள் டீ குடித்தோம். ரூபா அத்தை, நீங்கள் வேண்டுமானால் கூட்டிப்போங்கள் அக்கா என்றாள். அம்மா, வேண்டாம், அவளுக்கு இங்கே நன்றாக இருக்கிறது என்றாள். நல்ல டீச்சர் குரலில்.

திரும்பும் போட்டில் அவள் கண்ணை மூடவில்லை. கம்பியையும் பிடிக்கவில்லை. அது என்னை மறக்கலை, என்று சாத்தம் நெருங்கும்போது சொன்னாள். அதுக்கு இனிமே நான் தேவைப்படலை, அவ்வளவுதான். நல்லா இருந்தா சரி. கொஞ்சம் கழித்து, செந்தமிழனும் நல்லாத்தான் இருக்கான் என்றாள். யாரும் உன்னைப் பற்றிப் பேசவில்லை அப்போது. எஞ்சின் சத்தம். டீசல் வாசனை. நான் முப்பத்திநாலு வருஷமாகப் பார்க்கும் முகம், ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து அதுவரை பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும், கட்டி வைத்த மூன்று அட்டைப்பெட்டிகளில் ஒன்றைப் பிரித்துக் குக்கரை வெளியே எடுத்தாள். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. உனக்கும் கிடைத்திருக்கும்.

நாங்கள் வரவில்லை, தம்பி. நேற்றுப் போய் டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் ஒரு கீழ்வீடு பார்த்தோம். சின்னது. சுற்றுச்சுவர் இருக்கிறது. வீட்டுக்காரர் தெலுங்கர், எத்தனை நாய் என்று கேட்டார், ஒன்று என்று சொன்னபோது அம்மா தரையைப் பார்த்தாள். கேப்டன் போய் மூலை மூலையாக முகர்ந்து ஒப்புதல் கொடுத்துவிட்டான். அடுத்த மாதம் மாறுகிறோம். பக்கத்து ஃப்ளாட்காரரிடம் இருபதாம் தேதிக்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடு, நமக்காக அவரைக் காக்க வைக்காதே.

உன் பயம் எனக்குத் தெரியும். போன வருஷம் சென்னையில் எனக்கு ஸ்டென்ட் வைத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ நின்ற நிலையை நான் ஸ்ட்ரெச்சரிலிருந்து பார்த்தேன். மறுபடி ஏதாவது என்றால் நடுவில் கடல் இருக்கிறது என்று சொன்னாய். உண்மை. மாத்திரையை ஒழுங்காகப் போடுவேன், மேட்டில் மெதுவாக ஏறுவேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்த்து ரிப்போர்ட்டை உனக்கு அனுப்புவேன். அதற்குமேல் என் கையில் ஒன்றும் இல்லை. எங்களை ஒரு நல்ல வீட்டில், நல்ல சாப்பாட்டோடு, பத்திரமாக விட்டுவிட நினைக்கிறாய். அன்பினால்தான். நாங்கள் செய்ததும் அதுதான். ஆனால் நாங்கள் மைனா ஜாதி இல்லை. விட்டால் அடுத்த கப்பலிலேயே கயிற்றோடு வந்து இறங்குவோம், அதிலும் உன் அம்மா எல்லோரையும் தள்ளிக்கொண்டு இறங்குவாள்.

முப்பத்தொன்றாம் தேதி பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்கு விழா. பொன்னாடை, சுவர்க்கடிகாரம், நாலு பேர் பேச்சு. முடிந்தால் இரண்டு பேரும் வாருங்கள், முடியாவிட்டால் பூஜைக்கு லீவு சேர்த்து வைத்து வாருங்கள். ஷோபனாவிடம் அம்மா கேட்கச் சொன்ன ரசப்பொடி அளவு தனித்தாளில் இருக்கிறது. மழையில் நனையாமல் ஆஃபீஸ் போ. வண்டியில் போகும்போது ஃபோனை எடுக்காதே. இருவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் சாப்பாட்டு வேளைக்குள் முடித்துக்கொண்டு, நெடுநாள் ஒன்றாக இருக்க எங்கள் ஆசி.

ஒன்று மறக்காதே. இந்த முடிவை உன்னிடம் சொல்ல அம்மாவுக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு நாளாக ஃபோனைக் கையில் எடுக்கிறாள், வைக்கிறாள். நேற்று நீ கூப்பிட்டபோது குளிக்கிறாள் என்று நான் சொன்னது பொய். எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள், கையால் வேண்டாம் என்று காட்டினாள். அதனால் இது கிடைத்ததும் எனக்குக் கூப்பிடாதே. அவளுக்குக் கூப்பிடு. சாப்பிட்டாயா, மழையா என்று ஆரம்பிக்காதே. கோபம் இல்லைம்மா என்று முதலில் சொல். அப்புறம் என்ன வேண்டுமானாலும் பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவஞானம்